ரெண்டு வரிசைச் செவந்தி

எனக்குக் கோவம் வரும்னு ஊருக்கே தெரியும். வராதுன்னு நான் சொன்னா அதுக்கும் சிரிப்பாக. ஆனா இந்த வருசம் ஒரு செடி மேல கோவப்பட்டேன் பாருங்க, அதை இப்ப நெனைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. செப்டம்பர் எட்டாந்தேதி மாதா திருநாள். காலைப் பூசை முடிஞ்சதும் நேரா தோட்டத்துக்குப் போயி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, செவந்தி ஒவ்வொண்ணையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். கடைசி ரெண்டு செடியைத் தவிர, ரெண்டு வரிசையிலயும் பேருக்கு ஒரு மொட்டு இல்ல. எல பச்சப்பசேல்னு முழங்காலுக்கு மேல வளந்து நிக்குது. "திங்கத் தெரியுதுல்ல, பூக்கத் தெரியாதா"ன்னு செடியைப் பாத்து வைதேன். பக்கத்துத் தோட்டத்துல தக்காளி பறிச்சுக்கிட்டிருந்த ஆளு எட்டிப் பாத்துட்டு, மறுபடியும் தக்காளிப் பக்கம் குனிஞ்சுக்கிட்டாரு.

என் பேரு ஆரோக்கியசெல்வம். உத்தமபாளையத்துல இருந்து மினி பஸ்ஸுல இருபது நிமிசம் வந்தா எங்க ஊரு. ஒன்றரை ஏக்கர் தோட்டம், ஒரு கெணறு, ஒரு மோட்டார் ரூம். தக்காளி போடுவேன், பீட்ரூட் போடுவேன், பூ வெல பாத்துச் சந்தைக்குச் செவந்தியும் போடுவேன். ஆனா பாதையோரமா இருக்கிற இந்த ரெண்டு வரிசை என்னோடது இல்ல. அது எம் பொண்டாட்டி ஞானசெல்வியோடது. அவ போன ஜனவரியில, பொங்கல் முடிஞ்சு நாலாம் நாளு, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லி, தேனிக்குக் கொண்டு போற வழியிலயே போயிட்டா.

அந்தச் செவந்தி நாட்டுச் செவந்தி. மஞ்சப் பூ, சின்னது, பொத்தான் தண்டிக்குத்தான் இருக்கும். சந்தையில அதை ஏறெடுத்துப் பாக்க மாட்டாக. இப்பல்லாம் பெரிய பெரிய பூவாத்தான் கேக்குறாக. ஆனா வாசம்னா அதுதான் வாசம். கல்யாணமாகி அவ எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு, சின்னமனூருப் பக்கத்துல இருந்து கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் வேன்ல வந்துச்சு. இவ மடியில மட்டும் ஒரு நனைஞ்ச சாக்கு. என்னன்னு பாத்தா தூர்ல வெடிச்ச செவந்திக் கன்னு. பட்டுச் சேலையெல்லாம் சேறு. எங்க அம்மா அன்னைக்கு ஆரம்பிச்சாக வைய. "பொண்ணு எடுத்தமா, நாத்தங்கால் எடுத்தமா"ன்னு கேட்டாக. மக்கா நாளு பொழுது சாய, அவளாவே மம்பட்டியை எடுத்துக்கிட்டுப் போயி நட்டுட்டு வந்துட்டா.

அதுல இருந்து முப்பத்தி நாலு வருசம். பூத்து முடிஞ்சதும் செடியை ஒட்ட அறுத்து விடுவா. தூர்ல கன்னு வெடிக்கும். வெயிலு காலம் பூராம் அதை ஈரம் காயாமக் காப்பாத்தி, ஜூன் மாசம் பிரிச்சு நடுவா. ஒரு மாசம் ஆனதும் கொழுந்தைக் கிள்ளி விடுவா. கிள்ளுனாத்தான் பக்கம் வெடிச்சு நெறையப் பூக்கும். கொழுந்து கிள்ளுற நாலஞ்சு நாளும் அவ கையில அந்த எல வாசம் ஏறிக்கிரும். சோப்புப் போட்டாலும் போகாது. காப்பியில அடிக்கும், சோத்துல அடிக்கும். "என்ன ஆத்தா, காப்பியில செவந்தியவா போட்டுக் காய்ச்சுன"ன்னு கத்துவேன். "ஒங்களுக்கு மூக்கு மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது"ம்பா. இந்த வருசம் நானே பிரிச்சு நட்டு, நானே கிள்ளுனேன். எப்பிடிக் கிள்ளணும்னு அவ சேக்காளி நாகஜோதிகிட்டக் கேட்டுக்கிட்டுக் கிள்ளுனேன். வீட்டுக்கு வந்து காப்பியைப் போட்டு டம்ளரை வாய்கிட்டக் கொண்டு போனேன். அதே வாசம். குடிக்க முடியல. கீழ வச்சுட்டு அழுதேன். ஆளில்லாத வீட்டுல அழுகுறதுக்கு என்ன வெக்கம்.

அவ அந்த ரெண்டு வரிசையை வச்சிருந்தது ஒரே ஒரு நாளைக்கு. நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாள். மொத நாளு சாயங்காலம் பறிப்போம். வருசம் பூராம் ஆளுக்கொரு மூலையில கெடந்தாலும் அன்னைக்கு மட்டும் ரெண்டு பேரும் சேந்து பறிப்போம். மறுநாளு கல்லறைத் தோட்டத்துல கடைசிக் காலத்துல எங்ககூட வந்து இருந்த அவுக அப்பா அம்மா, எங்க அப்பா அம்மா, நாலு கல்லறையையும் கழுவி, மெழுகுவத்தி வச்சு, பூவைச் சிலுவை மாதிரி பரப்புவா. எங்க அம்மா கல்லறைக்கு மட்டும் ரெண்டு கை கூட வைப்பா. "ஏன், இங்கன மட்டும் தாராளம்?"னு கேட்டா, "அத்தை என்னைய வையாம இருக்கிறது இங்கன மட்டுந்தானே"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பா.

போன வருசம் கல்லறைத் திருநாள் முடிஞ்சு வந்த அன்னைக்கு எனக்கு என்ன பேய் பிடிச்சுச்சோ. சந்தையில பெரிய ரகம் நல்ல வெல போயிக்கிட்டிருந்துச்சு. "ஒரு நாள் கூத்துக்கு ரெண்டு வரிசையை வருசம் பூராம் அடைச்சுப் போட்டிருக்க. அடுத்த வருசம் புடுங்கி எறிஞ்சுட்டு நல்ல ரகமா வைக்கப் போறேன்"னு கத்துனேன். அவ அரிசி பொடைச்சுக்கிட்டிருந்தா. மொகத்தைத் தூக்காமலே, "நான் இருக்கிற மட்டுக்கும் இருக்கட்டும்ங்க. பெறகு என்னத்தையும் வைங்க"ன்னா. அது நவம்பர். ஜனவரியில ஆளு இல்ல.

இப்பச் சொல்லுங்க. அவளுக்கு வர்ற மொதக் கல்லறைத் திருநாளு. அவ கல்லறையில அவ செவந்தி இல்லாம, சந்தையில வாங்குன பூவையா நான் வைக்கிறது? புடுங்கி எறியிறேன்னு சொன்ன வாயி இது. அந்தப் பூவை அங்கன கொண்டு போயி வச்சாத்தான் எனக்கு இனிமே சோறு எறங்கும்னு நெனைச்சுக்கிட்டேன். அதனாலதான் மாதா திருநாளுக்கு மொட்டைத் தேடுனது. வருசா வருசம் அந்தத் தேதிக்கு மிளகு தண்டிக்கு மொட்டுத் தெரியும். "மாதாவுக்குப் பொறந்தநாளு, என் செவந்திக்கு மொட்டு"ன்னு ஞானம் ஓடி வந்து சொல்லுவா.

ஒரு கிளையை ஒடிச்சுக்கிட்டு உத்தமபாளையத்துக்குப் போனேன். உரக்கடை சுரேஷ்கண்ணன் எனக்கு இருபது வருசப் பழக்கம். விவசாயம் படிச்ச பையன், மருந்து விக்கணும்னு பொய் சொல்ல மாட்டான். கிளையைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "சீக்கு ஒண்ணும் இல்லண்ணே. செடி நல்லா இருக்கு"ன்னான்.

"நல்லா இருந்தாப் பூக்கணும்ல?"

"ரெண்டு வரிசையும் பூராமா மொட்டு இல்ல?"

அப்பத்தான் எனக்கு ஞாவகம் வந்துச்சு. கடைசியில, மோட்டார் ரூம் செவத்தை ஒட்டுன ரெண்டே ரெண்டு செடியில மட்டும் மொட்டுப் பாத்தேன். அதைச் சொன்னேன். சுரேஷ்கண்ணன் கிளையைக் கீழ வச்சான். "அண்ணே, அங்கன புதுசா லைட்டு எதுவும் போட்டாகளா?"ன்னான்.

போட்டிருந்தாக. ஜூன் மாசம் பஞ்சாயத்துல தோட்டத்துப் பாதையில கம்பம் நட்டு, பெரிய எல்இடி லைட்டு மாட்டுனாக. சாயங்காலம் ஆறு மணிக்கு எரிஞ்சா விடிய விடிய எரியும்.

"அதான் விசயம்"ன்னான். "செவந்திக்கு நீளமான ராத்திரி வேணும்ணே. பொழுது சுருங்கி இருட்டு நீண்டாத்தான் மொட்டு வைக்கும். ஓசூர்ப் பக்கமெல்லாம் பூவைத் தள்ளிப் போடணும்னா, வேணும்னே ராத்திரி பல்பு போட்டு ஏமாத்துவாக. ஒங்க செடிக்கு இன்னும் ராத்திரியே வரல. செவரு மறைச்ச ரெண்டு செடிக்கு மட்டும் இருட்டுக் கெடைச்சிருக்கு."

"இப்ப இருட்டாக்குனா?"

"இன்னையில இருந்து ஏழு வாரம் வேணும். மழை புடிச்சா அதுவும் சந்தேகம். நவம்பர் ரெண்டுன்னா, தாமசிக்காதீக."

பஸ்ஸுல வரும்போது கையும் ஓடல, காலும் ஓடல. ஏன்னா அந்த லைட்டைக் கொண்டாந்தது வேற யாரும் இல்ல. ஞானசெல்விதான். மூணு வருசமா ஒரு கிராம சபை விடாமப் போயி மனு குடுத்தா. பூப்பறிக்கிற பொம்பளைக வெள்ளன நாலு மணிக்கு அந்தப் பாதையிலதான் போவாக. ஒரு பக்கம் வாய்க்கா, ஒரு பக்கம் புதரு. லைட்டு வேணும், லைட்டு வேணும்னு மைக்கைப் பிடிச்சுப் பேசுவா. எனக்கு அதுவும் பிடிக்காது. "நீ என்ன கவுன்சிலருக்கா நிக்கப் போற? இம்புட்டு வருசம் இருட்டுல போன காலுதான? இப்ப என்ன புதுசா"ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டிருக்கேன். அவ செத்து அஞ்சு மாசம் கழிச்சு லைட்டு வந்துச்சு. மொத நாளு எரிஞ்சப்ப பொம்பளைக எல்லாம் கூடி நின்னு கைதட்டுனாகளாம். நான் போகல. அவ இல்லாத எடத்துல அவ லைட்டைப் போயி என்னத்தைப் பாக்கன்னு வீட்டுலயே இருந்துட்டேன்.

இப்ப அவ லைட்டே அவ செவந்தியைப் பூக்க விடல. யாரைப் போயி வையிறது?

கோவக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாக. கம்பத்துல ஆளு ஒசரத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. பொழுது சாயிறதுக்கு முன்னாடி போயி, அக்கம்பக்கம் பாத்துட்டு, பெட்டியைத் தொறந்து, லைட்டுக்குக் கரண்டு போற ஃபீஸ் கட்டையைப் புடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி பாதை இருட்டாக் கெடந்துச்சு. மனசுக்கு அம்புட்டு நிம்மதி. ஏழு வாரம், பெறகு திருப்பி மாட்டிறலாம், யாருக்கு என்ன நட்டம்னு நெனைச்சேன்.

மூணாம் நாளு காலையில நாகஜோதி தோட்டத்துக்கு வந்துச்சு. பூப்பறிக்கிற பொம்பளைகளுக்கு அதுதான் தலைவி மாதிரி. ஞானத்துக்கு உயிருக்கு உயிரான சேக்காளி. என்னைய அண்ணேன்னும் அவளை மதினின்னும் கூப்பிடும். வந்து வரப்புல உக்காந்து, "ரெண்டு நாளா லைட்டு எரியலண்ணே. பஞ்சாயத்துல கேட்டா வயர்மேன் வருவாரு, வருவாருங்கிறாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க சத்தத்துக்குன்னா வருவாக"ன்னுச்சு.

ஃபீஸ் கட்டை என் சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருந்துச்சு. "இருட்டுல நடந்து பழகுனவுகதான? ரெண்டு மாசம் டார்ச் லைட்டு அடிச்சுக்கிட்டுப் போனாக் கொறைஞ்சா போயிருவீக?"ன்னேன்.

நாகஜோதி என்னையவே பாத்துச்சு. பெறகு, "மதினி சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக. இப்ப அவுகளே இல்ல. சொல்லிட்டுப் போறேன்"ன்னுச்சு.

"என்னத்தைச் சொல்லப் போற?"

"மூணு வருசத்துக்கு முன்னாடி மதினி வரப்புல வழுக்கி விழுந்தாகள்ல, தோளு வீங்கிப் போயி."

ஞாவகம் இருந்துச்சு. பத்து நாளு ஒத்தக் கையாலயே சோறு ஆக்குனா.

"வழுக்கி விழலண்ணே. வெள்ளன பூப்பறிக்கப் போகயில நாங்க பின்னாடி வந்துக்கிட்டிருந்தோம், மதினி முன்னாடி தனியாப் போனாக. இருட்டுல ரெண்டு பயலுக பைக்ல வந்து கழுத்துச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்தானுக. சங்கிலி அறுந்து வரல. தரதரன்னு இழுத்துட்டுப் போயி வாய்க்காலுக்குள்ள தள்ளிவிட்டுட்டு ஓடிட்டானுக. நாங்கதான் தூக்கிவிட்டோம். மேலெல்லாம் நடுங்குது. எங்ககிட்ட மொதச் சொன்ன வார்த்தையே, அவருகிட்டச் சொல்லிறாதீக, அருவாளைத் தூக்கிட்டுத் தேடிப் போவாரு, எவனையாச்சும் வெட்டிப்புட்டு ஜெயில்ல கெடப்பாருன்னுதான். அதுக்குப் பெறகுதான் லைட்டு லைட்டுன்னு அலைஞ்சாக. தனக்காக மட்டும்னா அலைஞ்சிருக்க மாட்டாகண்ணே. எங்களுக்காகவும் சேத்துத்தான்."

அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு ஞாவகம் வந்துச்சு. தோளைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தவளை வாசல்லயே நிறுத்தி, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? முப்பது வருசமா நடக்குற வரப்புல வழுக்குதாக்கும்"னு வைதேன். பத்து நாளும் வைதேன். ஒரு நாளாச்சும் தோளைக் காட்டு பாப்போம்னு கேட்டேனா? கேக்கல. அவ நடுங்கிப் போயி வந்திருக்கா. என் கோவத்துக்குப் பயந்துக்கிட்டு அம்புட்டையும் முழுங்கியிருக்கா. வெளிய இருட்டு, வீட்டுல நான்.

சட்டைப் பையில கையை விட்டு ஃபீஸ் கட்டையை எடுத்து வரப்பு மேல வச்சேன். நாகஜோதி அதைப் பாத்துச்சு. ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு போல. நானாத்தான் செவந்திக் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "பூவும் மதினிதுதான், லைட்டும் மதினிதுதான். இதுல நான் என்னண்ணே சொல்ல"ன்னுட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் ஃபீஸ் கட்டையை மாட்டிட்டேன். லைட்டு எரிஞ்சுச்சு. வரிசை பூராம் வெளிச்சம் விழுந்துச்சு. அங்கனயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். மோட்டார் ரூம் நெழலு மட்டும் கறுப்பா, ரெண்டு செடி மேல. லைட்டை அணைக்க வேணாம், நெழலு இருந்தாப் போதும்னு அப்பத்தான் மண்டையில ஒறைச்சுச்சு.

நெழலுக்கு என்ன செய்யிறது? சாக்கைக் கட்டிப் பாத்தேன், ஓட்டை வழியா வெளிச்சம் வந்துச்சு. அவ பழைய சேலையைக் கட்டிப் பாத்தேன், அது கண்ணாடியா இருந்துச்சு. தார்ப்பாய் ஒண்ணு இருந்ததும் கிழிசல். எங்க ஊருல எந்தப் பெரிய மனுசன் ஃப்ளெக்ஸும் கடைசியில வைக்கப்போருக்குப் போத்தத்தான் வரும். அப்பிடி ஏதாச்சும் கெடைக்குமான்னு மோட்டார் ரூமுக்குள்ள தேடுனேன். மூலையில சுருட்டி வச்சிருந்துச்சு, அவ ஃப்ளெக்ஸு.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸு. அவ செத்த அன்னைக்கு மருமகன் தேனியில சொல்லி, பின்பக்கம் கறுப்பா இருக்கிற கெட்டி ரகமா அடிச்சுக் கொண்டாந்தாரு. பத்தடிக்கு எட்டடி. போட்டோவை எம் மக ஷெரின் எடுத்துக் குடுத்தா, அவ கல்யாணத்துல எடுத்தது. ஞானம் பல்லுத் தெரியச் சிரிச்சுக்கிட்டு இருப்பா. அவ பக்கத்துல நின்ன என்னைய வெட்டிட்டாக, என் தோளு மட்டும் ஓரத்துல தெரியும். "சாவுக்குப் போயிச் சிரிக்கிற போட்டோவா போடுறது"ன்னு அன்னைக்கும் கத்துனேன். பெறகு அதைத் தூக்கிப் போடவும் மனசு வரல, வீட்டுல மாட்டவும் தெம்பு இல்ல. அதான் சுருட்டி வச்சது.

விரிச்சுத் தரையில போட்டுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பொண்டாட்டி மொகத்தை வெயிலுலயும் மழையிலயும் கட்டி வைக்கிறதா? ஊரு என்ன சொல்லும்? ஆனா நாளு ஓடிக்கிட்டிருக்கு. இருட்டு வேணும், இருட்டுக்கு இதை விட்டா வேற இல்ல. ரெண்டு சவுக்குக் கம்பை ஊனி, போட்டோவை உள்பக்கமாத் திருப்பிக் கட்டுனேன். வெளிய இருந்து பாத்தா வெறும் கறுப்புத்தான் தெரியும். லைட்டு எரிஞ்சதும் பாத்தேன். வரிசைக்குப் பத்துப் பதினஞ்சு செடிக்கு நெழலு விழுந்துச்சு. மிச்சமெல்லாம் வெளிச்சத்துலதான். இருக்கட்டும், இது பூத்தாப் போதும்னு வந்துட்டேன்.

மக்கா நாளு போயிப் பாத்தா ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டியிருக்கு. ஞானம் பாதையைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. மேல கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருந்ததை மட்டும் பின்பக்கமா மடிச்சு ஊக்குக் குத்தியிருந்தாக. நாகஜோதி வேலைதான். போயிக் கேட்டேன்.

"மதினி வாங்குன லைட்டு மதினி மொகத்துல விழட்டும்ணே. நாங்க அந்தப் பக்கமாத்தான போறோம். வெள்ளன அவுகளைப் பாத்துட்டுப் போனா எங்களுக்கும் ஒரு தெம்பு"ன்னுச்சு. வழக்கமா எம் பேச்சை மீறி ஒண்ணு செஞ்சா எனக்கு மூக்கு மேல கோவம் வரும். அன்னைக்கு வரல.

பெறகு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒரு வாரம், ரெண்டு வாரம். அந்தப் பொம்பளைக தெனமும் போகயில "மதினி, வாரோம்"னு சொல்லிட்டுப் போறாகன்னு ஊருக்குள்ள பேச்சு. நான் செடிகிட்ட வையிறதை விட்டுட்டேன். தண்ணி பாச்சுவேன், களை எடுப்பேன், சும்மா உக்காந்திருப்பேன். உக்காந்தா அவ ஞாவகந்தான். செடி நடும்போது கோயில் பாட்டைத் தப்புத் தப்பாப் பாடுவா. நான் திருத்துனா வேணும்னே மறுபடியும் தப்பாப் பாடுவா. அப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஆனா சிரிக்க மாட்டேன். சிரிச்சா எளக்காரமாப் போயிரும்னு ஒரு வீம்பு. அந்த வீம்பை வச்சு என்னத்தைக் கண்டேன், சொல்லுங்க.

அக்டோபர் மூணாந்தேதி மொட்டுத் தெரிஞ்சுச்சு. நெழலு விழுந்த செடியில மட்டும், மிளகு தண்டிக்கு. ஷெரினுக்குப் போனைப் போட்டேன். அவ கோட்டயத்துல நர்ஸா இருக்கா. "என்னப்பா, ஒடம்பு சரியில்லையா"ன்னு கேட்டா. மொட்டு வச்சிருக்குன்னு சொல்லத்தான் வந்தேன். "ஒண்ணும் இல்ல, சாப்ட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.

இருவதாந்தேதி வாக்குல ஒரு மழை வந்துச்சு பாருங்க, காத்தும் மழையுமா. ஒரு கம்பு சாஞ்சு, ஃப்ளெக்ஸுல ஞானம் தோளுப் பக்கம் ஒரு முழத்துக்குக் கிழிஞ்சு போச்சு. விடிஞ்சதும் கோணி ஊசியை எடுத்துக்கிட்டுப் போயித் தைச்சேன். வீங்குச்சே, அதே தோளு. தைக்கயில "மெதுவா, மெதுவா"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மழையில மொட்டு அழுகிருமோன்னு நாலு நாளு தூக்கம் இல்ல. அஞ்சாம் நாளு நுனியில மஞ்சக் கலரு தெரிஞ்சுச்சு.

நவம்பர் ஒண்ணாந்தேதி சாயங்காலம் பறிச்சேன். நாகஜோதி கூட வாரேன்னுச்சு, வேணாம்னுட்டேன். பாதிதான் நல்லா மலந்திருந்துச்சு, பாதி இன்னும் வாயைத் தொறக்கல. அம்புட்டையும் பறிச்சேன். ஒரு கூடைக்குக் கொஞ்சம் கொறைச்சல். வருசா வருசம் மூணு கூடை பறிப்போம். பரவாயில்ல, வாசம் கொறையல.

மறுநாளு ஷெரினும் மருமகனும் வந்திருந்தாக. பெரிய மாலையெல்லாம் வாங்கியாந்திருந்தாக. அதை நாலு பெரியவுக கல்லறைக்கும் வைக்கச் சொன்னேன். ஞானம் கல்லறைக்கு நான்தான் செவந்தியைப் பரப்புனேன். அவ மாதிரி சிலுவையா வைக்கத் தெரியல, கோணலாப் போச்சு. சாமியார் வந்து மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சுட்டுப் போனாரு. கூட்டம் கலைய ஆரம்பிச்சுச்சு. ஷெரின் மத்தக் கல்லறைக்கு மெழுகுவத்தி பொருத்தப் போனா. நான் ஞானம் பக்கத்துல தரையில உக்காந்தேன். முப்பத்தி நாலு வருசமும் அவகிட்டக் கத்தித்தான் பேசியிருக்கேன். அன்னைக்குத்தான் பைய்யப் பேசுனேன்.

"பூத்துருச்சு, ஞானம்"னேன். "கொஞ்சந்தான். ஆனாப் பூத்துருச்சு. லைட்டும் எரியுது. ரெண்டு நாளு நான்தான் அணைச்சு வச்சேன். தப்புத்தான். பெறகு போட்டுட்டேன்."

வெலகிக் கெடந்த பூவைச் சரி பண்ணுனேன்.

"நீ வழுக்கி விழலன்னு தெரிஞ்சு போச்சு. நாகஜோதி சொல்லிருச்சு, அதை வையாத. என்கிட்டச் சொல்ல முடியாம எத்தனை நாளு பயந்துக்கிட்டுப் போயிட்டு வந்தியோ. இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்க? இப்பச் சொல்லு. நான் கோவப்பட மாட்டேன். எந்திரிச்சு எங்கயும் போகவும் மாட்டேன்."

ஷெரின் வந்து தோளைத் தொட்டா. "இருட்டப் போகுதுப்பா. கெளம்பலாமா?"ன்னா.

"கொஞ்சம் பொறும்மா, ஒங்கம்மா பேசட்டும்"னேன்.